இரண்டாவது கட்டைவிரல்

இந்த நாட்டில் கைகுலுக்குவதற்கு மூன்று படிகள் உண்டு. முதலில் உள்ளங்கையோடு உள்ளங்கை சேரும். பிறகு கையை விடாமலேயே மேலே வழுக்கிப்போய் ஒருவர் கட்டைவிரலை மற்றவர் சுற்றிப் பிடித்துக்கொள்வார். அப்புறம் மறுபடியும் உள்ளங்கை. சாம்பியாவில் செம்பு தோண்டும் ஊர் ஒன்றுக்குப் பள்ளிக்கூட வாத்தியாராக நான் வந்து இறங்கிய புதிதில், தக்காளி விற்கிற அம்மாள் முதல் தலைமையாசிரியர் வரை எல்லோரும் "முலி ஷானி" என்று நலம் விசாரித்தபடி என் கட்டைவிரலைப் பிடித்தார்கள். சிலர் பேச்சு முடிகிறவரை விடுவதே இல்லை. கும்பிடு போட்டு நாலடி தள்ளி நின்றே பழகிய மதுரைக்காரனுக்கு இது கூச்சமாக இருந்திருக்கும் என்று ஊரில் இருக்கிற நீங்கள் நினைப்பீர்கள். கூச்சத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. கட்டைவிரல் என்றாலே எனக்கு அப்போது ஆகாது.

எங்களுக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் முத்தாலே என்று ஒரு பூகோள வாத்தியார் இருந்தார். நாங்கள் குடிவந்த மூன்றாம் நாள் ஒரு கூடை சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு பார்க்க வந்தார். எனக்குக் கை கொடுத்துவிட்டு, பெரிய மனுஷிக்குக் கொடுப்பதுபோல் குனிந்து என் மகள் வளர்மதிக்கும் கை கொடுத்தார். அவளுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. இரண்டாம் படிக்கு வந்ததும் அவர் முகம் மாறியது. மதியின் வலது கட்டைவிரல் நுனிக் கணுவில் மடங்கியே இருக்கும், நிமிராது. என்ன இது என்று பார்ப்பதற்காக அவர் அதை லேசாக நிமிர்த்தினார். மதி வீறிட்டாள். அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம், அவருடைய சட்டைக் காலர் என் கையில் இருந்தது, அவர் தலை சுவரில் இருந்த மின்சார மீட்டர் பெட்டியில் இடித்தது, உதடு கிழிந்து முகவாயில் ரத்தம் இறங்கியது என்பதுதான். கிழங்குகள் வராந்தா முழுக்க உருண்டன. "நான் என்ன செய்தேன்?" என்று முத்தாலே ஆங்கிலத்தில் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எட்டு மாதமாக என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த என் மனைவி பேச்சியம்மாள் அன்றைக்கு வாசலில் நின்று வாயைத் திறந்தாள்.

"இன்னும் அடங்கலயா உங்களுக்கு?"

அதோடு சரி. கிழங்கையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு, முத்தாலேக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல்காட்டு ஊர் எனக்கு. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் 'என்ன ஆச்சு' என்று யாரும் கேட்டதில்லை. 'எவன்டா தள்ளிவிட்டான்' என்றுதான் கேட்பார்கள். நாமாகவே கல் தடுக்கி விழுந்திருந்தாலும் ஒரு பேரைச் சொல்லும்வரை விடமாட்டார்கள். பேரைச் சொன்னபிறகு யாராவது எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். பிள்ளைமீது அவ்வளவு பிரியம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நான் பௌதிகம் படித்து மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானவன். விசை, நெம்புகோல், அழுத்தம் என்று கரும்பலகை நிறைய எழுதிப் போடுவேன். படிப்பு என் பேச்சைத் திருத்தியதே தவிர கையைத் திருத்தவில்லை.

மதிக்கு இரண்டு வயது முடிவதற்குள் மொட்டை போட்டுக் காது குத்திவிட வேண்டும் என்று அழகர்கோவிலுக்குப் போனோம். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பெற்றவர்களுக்கு அதில் வேலை இல்லை. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், தாய்மாமன் பிடித்துக்கொள்ள ஆசாரி குத்துவார். பேச்சியின் தம்பி செல்லப்பாண்டிதான் தாய்மாமன். மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் உளி பிடித்துக் கருங்கல்லைப் பிளக்கிற வேலை. ஆளும் அந்தக் கல்லைப் போலத்தான் இருப்பான், ஆனால் அக்கா மகளைக் கண்டால் வெண்ணெயாக உருகிவிடுவான். அன்றைக்குப் புது வேட்டி, தோடு, கிடாய் என்று சீரோடு வந்து மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மதியை மடியில் வைத்து, ஆசாரி ஊசியை எடுத்ததும் அவளுடைய இரண்டு கைகளையும் தன் வலது கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவள் உதறின உதறலில் அவன் வேட்டியெல்லாம் சந்தனம். காது குத்தி முடித்ததும் அவளைவிட அவன்தான் அதிகமாகக் கண்ணைத் துடைத்தான். என் அண்ணன் காசி மட்டும் "கிடா எலும்பும் தோலுமாத்தான் இருக்கு" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

பத்து நாள் கழித்துப் பேச்சி அவளுக்குக் கண்ணாடி வளையல் போடும்போது நான் பார்த்தேன். வளையலை ஏற்றுவதற்கு விரல்களைக் கூட்டிப் பிடித்தால் கட்டைவிரல் மட்டும் கூடவில்லை. கொக்கிபோல் மடங்கி நின்றது. நிமிர்த்தினால் நிமிரவில்லை. கட்டைவிரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம், மிளகு அளவுக்கு ஒரு உருண்டை தட்டுப்பட்டது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ தெரியாது. நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருந்தாள், தொடாதவரை வலியும் இல்லை. பலப்பத்தை எப்படிப் பிடிப்பாள், கோலப்பொடியை எப்படி எடுப்பாள், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் அவள் கையைப் பார்த்து என்ன சொல்வான் என்று, பால் மணம் மாறாத பிள்ளைக்கு இருபது வருஷத்துக் கவலையை ஒரே மத்தியானத்தில் பட்டேன். அவள் பகலில் தூங்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலை நிமிர்த்திப் பார்ப்பேன். வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். யார் செய்தது?

டாக்டரிடம் போயிருக்கலாம். மதுரையில் டாக்டருக்கா பஞ்சம்? ஆனால் கையில் பிசகு என்றால் எண்ணெய்க்கட்டுப் போடுகிற வைத்தியரிடம் போவதுதான் எங்கள் வழக்கம். அவர் விரலைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளையை என் மடியில் இறுக்கிக்கொள்ளச் சொன்னார். கட்டைவிரலைப் பிடித்து இழுத்தார். டக் என்று ஒரு சத்தம், விரல் நிமிர்ந்தது. மதி மூச்சு நின்று நீலம் பாரித்துப்போய் அப்புறம்தான் அழுதாள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் குழைத்துத் தடவி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். கட்டைப் பிரித்த மறுநாள் விரல் பழையபடி மடங்கிக்கொண்டது. மறுபடி இழுத்தார், மறுபடி கட்டினார். மூன்றாவது முறை அவர் வீட்டுத் தெரு முனையிலேயே அவள் கத்தத் தொடங்கிவிட்டாள். நான் கையைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஆயாசத்தோடு சொன்னார், "யாரோ பிடிச்ச பிடியில நரம்பு பெரண்டுருச்சு. சாதாரணப் பிடி இல்ல தம்பி, இரும்புப் பிடி."

இரும்புப் பிடி என்றதும் வேறு யார் நினைவுக்கு வருவார்கள்? அண்ணனுக்குக் கிடாயின் ஆத்திரம் ஏற்கனவே இருந்தது. "கல்லுடைக்கிறவன் கையில புள்ளயக் குடுத்தா இப்படித்தான்" என்றார். பேச்சி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "எந் தம்பி பூ மாதிரிதாங்க பிடிச்சான், பக்கத்துல நாந்தான் நின்னேன்" என்றாள். அவள் பேச்சை யார் கேட்டது? மறுநாள் காலையில் நானும் அண்ணனும் பஸ் பிடித்து மேலூருக்குப் போய், அங்கிருந்து குவாரிக்கு நடந்தோம்.

சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் ஓடைப் பக்கம் போயிருந்தார்கள். செல்லப்பாண்டி மட்டும் ஒரு பாதி பிளந்த கல்லில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து துண்டால் கல்லைத் தட்டிவிட்டு, "வாங்க மச்சான், வாங்க பெரிய மச்சான், எம் மருமக எப்படி இருக்கா?" என்றான்.

"புள்ள கைய என்னடா பண்ணுன?" என்றார் அண்ணன்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. இன்றைக்கு நினைத்தால், அது பிள்ளைக்காக வெளுத்த முகம். அன்றைக்கு அது எனக்குக் குற்றவாளியின் முகமாகத் தெரிந்தது.

"நான் அழுத்திப் பிடிக்கல மச்சான். அழகர்கோவிலுக்கு இப்பவே வாரேன், வாங்க. கருப்பு கதவு முன்னால சூடத்த அணைச்சு சத்தியம் பண்றேன்."

எங்கள் சீமையில் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எப்பேர்ப்பட்ட வழக்கும் பதினெட்டாம்படிக் கருப்பன் கதவின் முன்னால் முடிந்துபோகும். பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிவு வராது. அவன் கூப்பிட்டபோது நாங்கள் போயிருக்க வேண்டும். பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. அந்த அரைமணி நேரம் பொறுக்க என்னால் முடியவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை எத்தனை பையன்களுக்கு இம்போசிஷன் எழுதக் கொடுத்திருப்பேன்! முதல் அடி நான்தான் அடித்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. அவன் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் பள்ளத்தில் கிடந்திருப்போம். அக்கா புருஷன்மேல் கை வைக்கக் கூடாது என்று கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அண்ணன் அவன் இடுப்பில் உதைத்தார். விழுந்து எழுந்தான். "எந்தக் கையிலடா பிடிச்ச?" என்று நான் கேட்டேன். வாயில் ரத்தத்தோடு அவன் தன் வலது கையை அவனாகவே நீட்டிக் காட்டினான். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக் கல்லின்மேல் வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டார். பக்கத்தில் கிடந்த சுத்தியலை நான் எடுத்தேன். ஒரே அடி. கட்டைவிரலின்மேல்.

அவன் அலறவில்லை. "அக்கா" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு அந்தக் கையை இன்னொரு கையால் தூக்கிப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தான். அண்ணன், "சரியாப் போச்சு, வா" என்றார். நாங்கள் பஸ் ஏறி மதுரைக்கு வந்து இறங்கி டீ குடித்தோம். சர்க்கரை குறைவாக இருக்கிறது என்று நான் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. அதை நினைக்கும்போதுதான் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது. அடித்ததையாவது ஆத்திரம் என்று சொல்லலாம், சர்க்கரை கேட்டதை என்னவென்று சொல்வது?

கூட வேலை செய்தவர்கள் அவனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எப்படி ஆனது என்று அங்கே கேட்டபோது, "கல்லு விழுந்துருச்சு" என்றான். போலீஸ்காரர் வந்து கேட்டபோதும் அதையே சொன்னான். எனக்கு அப்போது சாம்பியா வேலைக்கு உத்தரவு வந்து, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன். ஒரு வழக்கு என் பெயரில் இருந்திருந்தால் அதோடு எல்லாம் முடிந்திருக்கும். இரண்டு வாரம் கழித்துப் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். கை போன வலியிலும் அவன் அக்காளின் வாழ்க்கையைத்தான் பார்த்தான். அவன் சொன்ன ஒரு பொய்யில்தான் நான் கடல் கடந்தேன். வெளிநாட்டில் என்னைப்போல் பிழைக்கிறவர்கள் பலர் எப்படி வந்து சேர்ந்தோம் என்று கதை கதையாகச் சொல்வார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்து பெருமையாக எல்லாவற்றையும், சுத்தியல் உட்பட, சொல்லிவிட்டார். பேச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தாள். என்னைத் திட்டவில்லை, அடித்துக்கொண்டு அழவில்லை. புறப்படுகிற அன்று மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அங்க நல்ல டாக்டருங்க இருக்காங்கன்னு சொன்னீங்க. புள்ள கைக்காகத்தான் வாரேன்." அதன்பின் சமைத்தாள், துவைத்தாள், சோறு போட்டாள், பேசவில்லை. அந்த எட்டு மாதத்தில் அதற்கு அடுத்து அவள் பேசியதுதான் முத்தாலே உதடு கிழிந்த அன்றைய வார்த்தை. அதற்குப் பின்னும் வருஷம் ஒன்றாகும்வரை நான் மதியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. பரீட்சை முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளினேன். டாக்டர் எப்படி ஆனது என்று கேட்பாரே, அதற்குத்தான் பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பேச்சி மதியைக் கூட்டிக்கொண்டு வந்து மேசை முன்னால் நிறுத்தினாள். பிள்ளையின் இடது கையைப் பிடித்துத் தாளின்மேல் வைத்தாள். இடது கட்டைவிரலும் மடங்கி இருந்தது. அடியில் அதே மிளகு. நிமிர்த்திப் பார்த்தேன், நிமிரவில்லை.

"இத யாரு பிடிச்சா?" என்று கேட்டாள். குரல் உயரவே இல்லை. "பேரச் சொல்லுங்க. சுத்தியல எடுத்துத் தாரேன், போயி அடிச்சிட்டு வாங்க."

நான் அந்தச் சின்னக் கையைப் பார்த்தபடியே இருந்தேன். அந்த விரலைப் பிடித்தவர் யாரும் இல்லை. மேலூர் எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது வாயால் சொல்லும்போது எவ்வளவு சுலபமான பழமொழி! அன்றைக்கு நான் அழுதேன். பேச்சி என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் அது தப்பு.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் டாக்டர் மதியின் இரண்டு விரல்களையும் பார்த்துவிட்டு, ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். விரலை மடக்குகிற நார் ஒரு குழாய் வழியாக ஓடுகிறது, அந்த நாரில் ஓரிடம் தடித்துப்போய் குழாய் வாயில் சிக்கிக்கொள்கிறது, சிறு வெட்டுப் போட்டு வாயைத் திறந்துவிட்டால் போதும் என்றார். பேச்சிக்கு நான் மொழிபெயர்ப்பதற்குள் அவளே படத்தைப் பார்த்து, "பாவாடை நாடா முடிச்சு மாட்டிக்கிற மாதிரி" என்றாள். "யாராவது இறுக்கிப் பிடித்தால் இப்படி வருமா?" என்று நான் கேட்டேன். வராது, தானாக வருவது, சில பிள்ளைகளுக்கு இரண்டு கையிலும் வரும் என்றார். நான் மறுபடி கேட்டேன். மூன்றாவது முறையும் கேட்டபோது அவர் என்னைத் தவறாகப் புரிந்துகொண்டார். எழுந்து வந்து என் தோளைத் தட்டி, "கவலைப்படாதீர்கள், அப்பா. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை" என்றார். இந்த நாட்டில் யாரும் எனக்கு அவ்வளவு அன்பாக ஆறுதல் சொன்னதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்தது நர்ஸ். இந்த ஊர்க்காரி, நடுவயது. தேதி குறிப்பதற்கு முன்னால் பேச்சியைப் பார்த்து, "பிள்ளையின் யாமா எங்கே?" என்று கேட்டாள். யாமா என்றால் தாய்மாமன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ ஊரிலிருந்து எழுதிப் போட்டுவிட்டார்கள், இவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றே நினைத்து, "உனக்கு யார் சொன்னது?" என்று எகிறினேன். அவள் மிரண்டுபோய் டாக்டரைப் பார்த்தாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர்கள் வழக்கத்தில் பிள்ளை தாய் வழியைச் சேர்ந்தது, பெரிய காரியம் எதுவானாலும் தாய்மாமனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கையெழுத்துக்கு அப்பா போதும், இருந்தாலும் மாமனுக்குச் சொல்லியாயிற்றா என்று அவள் வழக்கப்படி கேட்டிருக்கிறாள். நான் இதைப் பேச்சியிடம் சொன்னதும் அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அந்தம்மா கேட்டதுதான் நியாயம். எந் தம்பி மடியில வச்சுத்தான் இவளுக்கு ஊசி குத்துனோம். அவன் சொல்லாம கத்தி வைக்க விடமாட்டேன்."

மாலையில் முத்தாலேயின் வீட்டுக்குப் போய், உதட்டைக் கிழித்ததற்கு ஒரு வழியாக மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மைத்துனனைக் கேட்டு எழுத வேண்டும் என்றபோது, "வேறு யாரைக் கேட்பாய்?" என்றார் சாதாரணமாக. சுத்தியலைச் சொன்னபோது அவர் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அதற்குப் பிறகும் உன் மனைவி உன்னோடு வந்தாளா?" என்று மட்டும் கேட்டார்.

கடிதத்தைப் பேச்சி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசியில் என் பங்குக்கு இரண்டு வரி சேர்த்தேன். உன் கை செய்யவில்லை, இப்போது தெரிந்துவிட்டது, என்னை மன்னிக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை என்று எழுதினேன். போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மதிக்கு நாலு வயது தாண்டியது. பென்சிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்து எழுதினாள். டாக்டர் தேதியை இரண்டு முறை தள்ளி வைத்தார். அவன் பதிலே போடாவிட்டால் என்ன செய்வது என்று பேச்சியிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. ஏழாவது வாரம் பதில் வந்தது. யாரையோ வைத்து எழுதச் சொல்லியிருந்தான். நான் வாசித்தேன்.

"அக்காவுக்கு. புள்ளைக்குச் செய்ய வேண்டியத உடனே செய்யுங்க, எனக்காகக் காக்க வைக்காதீங்க. மயக்க மருந்து குடுக்கையில யாராச்சும் மடியில வச்சுக்கங்க, பயந்துரும். லீவுக்கு வந்தா நீயும் புள்ளையும் மேலூருக்கு வாங்க. மச்சான் வர வேணாம்."

பேச்சி அதை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் உயிர் வந்தது. எனக்கும் அந்தக் கடைசி வரியில் ஒரு நிம்மதி இருந்தது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மன்னித்தேன் என்று எழுதியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

ஆபரேஷன் அன்றைக்கு, மயக்கம் வருகிறவரை பெற்றவர்களில் ஒருவர் கூட இருக்கலாம் என்றார்கள். பேச்சி என்னைப் போகச் சொன்னாள். முகமூடியைக் கொண்டு வந்ததும் மதி காலால் உதைத்தாள், கையால் பிறாண்டினாள், என் கன்னத்தில் அவள் நகம் பட்டு ரத்தம் வந்தது. நான் மடியில் வைத்து அவளுடைய இரண்டு கைகளையும் என் ஒரு கையில் சேர்த்துப் பிடித்தேன். "இன்னும் இறுக்கி" என்றார் டாக்டர். பிடித்தேன். திமிறுகிற பிள்ளைக்கு அடிபடாமல் இருக்க எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிடிக்கிறவன் கையில்தான் நடுக்கம் இருக்கிறது. அவள் தலை என் மார்பில் சாய்ந்தபிறகும் நான் விடவில்லை. நர்ஸ்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

விரல்கள் இரண்டும் நிமிர்ந்துவிட்டன. அடியில் நூல்போல ஒரு கோடு, அவ்வளவுதான். இரண்டு கையிலும் கட்டு இருந்த நாட்களில் ஊட்டிவிட்டால் வேண்டாம் என்று அடம் பிடித்து, ஸ்பூனைக் கட்டோடு சேர்த்துச் செருகிக்கொண்டு தானாகவே சாப்பிட்டாள். கட்டுப் பிரித்தபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சோறானாலும், முத்தாலே வீட்டு மக்காச்சோளக் களியானாலும், ஸ்பூன்தான்.

அடுத்த வருஷம் லீவில் ஊருக்கு வந்தோம். மதுரை பஸ் ஸ்டாண்டில் பேச்சியையும் மதியையும் மேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "நீங்க வரலயாப்பா?" என்று மதி ஜன்னல் வழியாகக் கேட்டாள். எனக்குத் திருமங்கலத்தில் வேலை இருக்கிறது என்றேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, "மேலூருக்குத்தானண்ணே, ஏறுங்க, எடம் கெடக்கு" என்றார். இல்லை என்று கையை ஆட்டிவிட்டு எதிர்த்திசைக்குப் போகிற பஸ்ஸைத் தேடிப் போனேன். ஊரில் அண்ணன் பழைய மாதிரியே இருந்தார். பிள்ளை கை சரியாகிவிட்டது என்றதும், "பாத்தியா, அன்னைக்கு நாம கேட்டதுதான் சரி" என்றார். அவரோடு எனக்குப் பேச எதுவும் இல்லை என்று அப்போது தெரிந்தது. வெளிநாட்டில் போய் இறங்கியவர்கள் எல்லாம் ஊரை நினைத்து ஏங்கினோம் என்று எழுதுகிறார்கள். நான் ஊருக்குள் நின்றுகொண்டே ஒரு வாரம் மேலூரை நினைத்து ஏங்கினேன்.

எட்டாம் நாள் அவர்களைக் கூட்டிப் போக மறுபடியும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். மதி புதுப் பாவாடையும் கை நிறையக் கண்ணாடி வளையலுமாக இறங்கி ஓடி வந்தாள். மாமன் தோளில் ஏறிக் குளத்துக்குப் போனதையும், ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைத்ததையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"மாமாவும் என்னைய மாதிரி ஸ்பூன்லதான் சாப்புடுறாரு" என்றாள். அதில் அவளுக்குச் சந்தோஷம். "அங்க வேற யாருமே அப்படிச் சாப்புடல. ஏன் மாமான்னு கேட்டேன், சும்மா சிரிக்கிறாரு. அம்மாகிட்ட கேட்டேன். அப்பாகிட்டக் கேளுன்னு சொல்லிருச்சு."

பேச்சி பையைத் தோளில் மாற்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். திருமங்கலம் பஸ்காரர் விசில் கொடுத்துவிட்டார்.

"நம்ம ஊருக்குப் போயிச் சொல்றேந்தாயி" என்றேன்.

மதி அண்ணாந்து பார்த்தாள்.

"எந்த ஊருக்குப்பா?"